தகரக் கூரையைப் பிரித்த மாமாவுக்கு

என் மாமாவுக்கு, உங்கள் வீட்டுக்கு வாழவந்த உலகம்மாள் ஆசையோடு எழுதுவது.

வருகிற ஆவணியோடு நீங்கள் போய் நாலு வருஷம். நினைவு நாளுக்கு ஓர் அட்டை அச்சடிக்க உங்கள் மகன் ஏற்பாடு செய்தார். உங்கள் படம், அதற்குக் கீழே நாலு வரி. அந்த நாலு வரியை என்னை எழுதித் தரச் சொன்னார். எழுத உட்கார்ந்தால் நாலு வரியில் நிற்கவில்லை. வாங்கிப் படித்துவிட்டு, "மிச்சத்தையும் எழுது. இதையே அச்சுக்குக் குடுத்திருவோம்" என்று சொல்லிவிட்டார். ஆகவே நான் உங்களிடம் பேசுவதைத் தென்காசியே கேட்கப் போகிறது. கோபப்படாதீர்கள். ஜெயித்த கதைதானே, நாலு பேர் கேட்டால் என்ன?

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன்.

நான் அச்சன்புதூர்க்காரி. அப்பாவுக்கு வயல். கல்யாணம் ஆகும் வரை வரப்பிலும் களத்திலும் வெயிலில் நின்று வளர்ந்தவள். எழுபத்தொன்றில் உங்கள் மகனுக்கு வாழ்க்கைப்பட்டுத் தென்காசிக்கு வந்தேன். முன்பக்கம் பாத்திரக் கடை, பின்பக்கம் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவைத் தாண்டிப் பெண்கள் கடைப் பக்கம் வரக் கூடாது என்பது உங்கள் சட்டம். வீட்டின் நடுவே முற்றம் இருந்தது. அதற்கு மேலே தகரம் அடித்து மூடி, பித்தளை அண்டாவும் குடமும் எவர்சில்வர் தூக்குவாளியுமாக அடுக்கி வைத்திருந்தீர்கள். அடுப்பங்கரையில் அரிசியில் கல் பொறுக்கப் பகலிலும் விளக்குப் போட வேண்டும்.

குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அன்றைக்கு எனக்கே அது குறையாகத் தெரியவில்லை. இனிமேல் வெயிலில் காய வேண்டாம் என்று சந்தோஷப்பட்டேன். ஊருக்குப் போனபோது அம்மா என் கன்னத்தைத் தடவி, "நல்லா வெளுத்திருக்கெட்டி" என்று பூரித்துப் போனாள்.

முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் போனது. முகமும் காலும் வீங்கின. இரண்டு நாளாகத் தலைவலி. மூன்றாம் நாள் வயிறு கல் மாதிரி இறுகி, ரத்தப்போக்கு வந்தது. பிள்ளைக்குச் சாப்பாடும் மூச்சும் கொண்டுபோகிற நஞ்சுக்கொடி, பிள்ளை பிறக்கும் முன்பே கர்ப்பப்பையிலிருந்து பிரிந்துவிட்டது என்றார்கள். நான் பிழைத்ததே பெரிது என்றார்கள். இரண்டு வருஷம் கழித்து இரண்டாவது. அது வயிற்றுக்குள்ளேயே வளராமல் நின்று, ஏழாம் மாதம் அசைவு ஓய்ந்தது. நஞ்சு சுருங்கி, இடையிடையே கட்டி தட்டிப்போயிருந்ததாக நர்ஸ் அம்மா சொன்னார்.

நஞ்சு என்ற அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது செல்லம் மதினிக்கு. உங்கள் மூத்த மகள், பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள், தினம் ஒரு தடவை வந்துபோகிறவள். "இவ வயித்துல இருக்கது நெசமாவே நஞ்சுதான். எந்தப் பிள்ள தங்கும்?" என்று என் காதில் விழும்படியே சொன்னாள். தம்பிக்கு இன்னொரு பெண் பார்க்க வேண்டும் என்ற பேச்சும் அப்போதுதான் தொடங்கியது. உங்கள் மகன் தலையைக் குனிந்துகொண்டு இருப்பார். நீங்கள் "பார்ப்போம்" என்பீர்கள். அந்தப் "பார்ப்போம்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று எத்தனை நாள் யோசித்திருப்பேன், தெரியுமா?

அதோடு வலி வேறு. இடுப்பு, தொடை, முதுகு என்று எலும்புக்குள்ளே குடைகிற வலி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். நடந்தால் உடம்பு இரண்டு பக்கமும் ஆடியது. தெருவில் ஒருத்தி வாத்து என்று பேர் வைத்துவிட்டாள். இருபத்தைந்து வயது எனக்கு.

எழுபத்தாறு வைகாசியில் ஒரு நாள் அடுப்பங்கரையில் எழுந்திருக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உங்கள் மகன் சரக்கு எடுக்கக் கும்பகோணம் போயிருந்தார். தண்ணீர் கேட்டு வந்த நீங்கள் வாசற்படியிலேயே நின்று பார்த்தீர்கள்.  "நாளைக்குக் காலம்பற கிளம்பி இரு, தாயி. செங்கோட்டையில ஒரு டாக்டரம்மா இருக்காவளாம்" என்று மட்டும் சொன்னீர்கள்.

தென்காசி ஸ்டேஷனில் ரயில் படியில் என்னால் கால் தூக்கி வைக்க முடியவில்லை. மருமகளைத் தொட்டுத் தூக்க உங்களுக்குக் கூச்சம். கொஞ்சம் தயங்கிவிட்டு, உங்கள் குடையை நீட்டினீர்கள். நான் வளைந்த பிடியைப் பற்றிக்கொண்டேன். மறுமுனையை நீங்கள் இரண்டு கையாலும் இழுத்தீர்கள். உள்ளே போனபிறகு நாம் இரண்டு பேரும் ஜன்னல் வழியாக வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம்.

அந்த டாக்டரம்மா கேரளத்துக்காரர். கிராப்புத் தலை, வெள்ளைப் புடவை, சத்தமான குரல். என் நாடியைக்கூடப் பிடிக்கவில்லை. "மோளே, அந்த வாசல் வரைக்கும் நடந்துட்டு வா" என்றார். நடந்து வந்தேன். தரையில் உட்காரச் சொன்னார், எழுந்திருக்கச் சொன்னார். இடுப்பெலும்பை ஒரு விரலால் அமுக்கினார், நான் கத்திவிட்டேன். நடந்ததையெல்லாம், இரண்டு பிள்ளைகளையும் பற்றி, முதலிலிருந்து கேட்டார். கடைசியாக ஒரு கேள்வி.

"ஒரு நாளைக்கு எத்தனை நேரம் வெயிலில் நிற்பே?"

எனக்குப் புரியவில்லை. வெயிலில் எதற்கு நிற்க வேண்டும்? "நாங்க வெளிய போறதில்ல டாக்டரம்மா" என்றேன், கொஞ்சம் பெருமையாகக்கூட.

அவர் உங்கள் பக்கம் திரும்பினார். தோலில் வெயில் பட்டால் உடம்பே வைட்டமின் டி என்ற சத்தைச் செய்துகொள்ளும் என்றும், அது இல்லாவிட்டால் சாப்பிடுகிற சுண்ணாம்புச் சத்து எலும்பில் ஒட்டாது என்றும் சொன்னார். "இவளுக்கு எலும்பு மெழுகு போலே ஆயிருக்கு. வளையுது, கீறல் விழுது. வீட்டில் முற்றம் ஒண்ணும் கிடையாதா?"

நீங்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். "இருந்துச்சு. நாந்தான் தகரம் அடிச்சு மூடிட்டேன்" என்றீர்கள்.

நான்தான் கேட்டேன், "நஞ்சு கெட்டுப்போறதும் இதனாலயா?" என்று. டாக்டரம்மா உடனே ஆமாம் சொல்லவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரை நான் நம்பினேன். "எலும்புக்கு நான் உறுதி சொல்றேன். நஞ்சுக்கு உறுதி சொல்ல முடியாது. அதுக்குப் பல காரணம் உண்டு. பிரஷர் உண்டு, பரம்பரை உண்டு, எங்களுக்கே தெரியாதது எவ்வளவோ உண்டு. ஆனா நஞ்சு தாயோட உடம்பிலிருந்துதானே எடுக்கணும்? தாயிடம் இல்லாததை அது எங்கே போய் எடுக்கும்? முதல்ல உன் உடம்பு நிறையட்டும். அது வரைக்கும் கர்ப்பம் வேண்டா. பேடிக்கண்டா மோளே, பயப்படாதே."

ஊசி, சுண்ணாம்பு மாத்திரை, தினம் ஒரு மீன் எண்ணெய் மாத்திரை, பத்து மணிக்கு மேல் முக்கால் மணி நேரம் வெயில் என்று எழுதிக் கொடுத்தார். இளவெயில் போதாது, கையும் காலும் முதுகும் வெயிலில் படவேண்டும் என்று அடிக்கோடு போட்டார். மீன் என்ற சொல்லைக் கேட்டதும் நான் உங்களைப் பார்த்தேன். பஸ்ஸில் மீன்கூடை ஏறினால் இறங்கி அடுத்த பஸ்ஸில் வருகிறவர் நீங்கள். நம் வீட்டில் முட்டை ஓடுகூட விழுந்ததில்லை. நீங்கள் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்கள்.

திரும்பி வருகிறபோது செங்கோட்டைப் பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருந்தோம். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல், தண்டவாளத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"உங்க அத்தையும் இப்படித்தான் தாயி நடந்தா. செவுத்தப் பிடிச்சிட்டுத்தான் எந்திரிப்பா. எனக்கு வெவரம் தெரியல. சோம்பேறின்னு வஞ்சிருக்கேன். மூணு பிள்ள கீழ போச்சு. காச்சல்ல சாகுத வரைக்கும் வலி வலின்னுதான் சொன்னா."

நான் பார்த்தே இராத அத்தை, என் மாமியார். செல்லம் மதினிக்கும் உங்கள் மகனுக்கும் நடுவிலே அத்தனை வருஷ இடைவெளி ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.  ரயில் வந்தது. இந்தத் தடவை நீங்கள் குடையை நீட்டவில்லை. கையையே நீட்டினீர்கள்.

மறுநாள் விடிந்ததும் ஏணி சாத்துகிற சத்தம். வேஷ்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, அறுபது வயதில், நீங்கள் தகரத்தின் மேலே நின்றீர்கள். கூலிக்கு ஆள் கூப்பிடவில்லை. ஆணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினீர்கள். முதல் தகரம் விலகியதும் தூசியோடு சேர்ந்து வெளிச்சம் அண்டாக்களின் மேலே விழுந்தது. அத்தனை பித்தளையும் ஒரே நேரத்தில் மின்னியது. எனக்குக் கண் கூசிற்று. ஐந்து வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன், அந்தத் தரை சிவப்பு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மத்தியானம் கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கிய உங்கள் மகன் பதறிப்போனார். "என்னப்பா செஞ்சிருக்கீய? இன்னும் பத்து நாள்ல சாரல் ஆரம்பிச்சிரும். சரக்கெல்லாம் நனையாதா?"

"நனைஞ்சா தொடச்சிக்கிடலாம்" என்றீர்கள், ஏணியிலிருந்து இறங்காமலே.

சரக்கு முழுவதும் உங்கள் அறைக்குப் போனது. அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே ஒரு பாய் போடுகிற இடம்தான் உங்களுக்கு மிஞ்சியது. கேட்டதற்கு, "எனக்கென்ன, காவலுக்கு ஆச்சு" என்று சிரித்தீர்கள்.

நான்காம் நாள் செல்லம் மதினி வந்தாள். கையில் ஒரு ஜாதகம். கடையத்தில் ஒரு பெண்ணாம், நல்ல இடமாம். முற்றத்தில் முழங்கால் வரை புடவையைத் தூக்கிக்கொண்டு நான் வெயிலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. அதற்குள் திண்டின் மேலிருந்த மாத்திரைப் புட்டியையும் எடுத்துப் பார்த்துவிட்டாள். படத்தில் மீன் இருந்தது.

"அப்பா! இங்கன வாங்க! இது என்ன கருமம்? சைவ வீட்டுக்குள்ள மீனா? ஏட்டி, உனக்கு யாருட்டி இதத் தந்தது?"

நீங்கள் கடைக் கதவைத் திறந்துகொண்டு வந்தீர்கள். "நாந்தான் வாங்கியாந்தேன். மருந்து" என்றீர்கள்.

"மருந்தோ எழவோ, மீனு மீனுதான! பூசை பண்ணுத வீடுப்பா. இவள முதல்ல அச்சன்புதூருக்கு அனுப்பிட்டு மறுவேலை பாருங்க. வெயில்ல கெடந்து கருத்து வேற போறா."

 அவள் கையிலிருந்த புட்டியை வாங்கி, மூடியைத் திருகி, ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டீர்கள். சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தீர்கள். மாத்திரை ஒரு தடவை தொண்டையில் இறங்க மாட்டேன் என்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் விழுங்கிவிட்டீர்கள்.

"இப்ப நானும் தின்னாச்சி. தள்ளி வைக்கதுன்னா என்னையும் சேத்துத் தள்ளி வை. அந்த சாதகத்த யாருட்ட வாங்குனியோ அவங்ககிட்டயே குடுத்திரு, செல்லம். உங்க அம்மைக்கு நான் செய்யாத வைத்தியத்த இவளுக்குச் செய்யுதேன். குறுக்க வராத."

அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் மதினியின் முகம் மாறியது. ஜாதகத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று நான் உங்கள் காலில் விழுந்திருக்க வேண்டும். குனிய முடியாத வலி. அதனால் நின்றபடியே அழுதேன். நீங்கள் "வெயில் போயிரும், உக்காரு" என்றீர்கள்.

சாரல் வந்தது. குற்றாலத்துக்குக் கொண்டாட்டம், எனக்குத் திண்டாட்டம். நாள் முழுக்க மேகம், பூத்தூறல், எப்போதாவது பத்து நிமிஷம் வெயில். நான் அடுப்படியில் இருந்தால் அந்தப் பத்து நிமிஷம் எனக்குத் தெரியாது. நீங்கள்தான் வழி கண்டுபிடித்தீர்கள். கடையில் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு மலை தெரியும். ஐந்தருவிப் பக்கம் மேகம் விலகுவதைப் பார்த்ததும் கரண்டியால் ஓர் அண்டாவை மூன்று தடவை தட்டுவீர்கள். நான் போட்டது போட்டபடி முற்றத்துக்கு ஓடுவேன். சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர்கள், அண்டாவின் கனத்தைத் தட்டிக் காட்டுகிறார் கடைக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த அண்டாவை ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டும் நீங்கள் கொடுக்கவில்லையாமே!

ஓடுவேன் என்று எழுதினேனே, கவனித்தீர்களா? ஆவணி முடிவதற்குள் நான் உண்மையாகவே ஓடினேன். தரையிலிருந்து சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். தை மாதம் நாம் எல்லோரும் குற்றாலத்துக்குப் போனோம். பேரருவியில் குளித்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். நான்தான் செண்பகாதேவிக்கு ஏறலாம் என்றேன். காட்டுப் பாதை, கல்லும் வேருமான ஏற்றம். உங்கள் மகன் என் பக்கத்திலேயே கையைத் தயாராக வைத்துக்கொண்டு வந்தார். அந்தக் கை தேவைப்படவில்லை. மேலே அருவிக்கு முன்னால் நின்று கீழே திரும்பிப் பார்த்தால், நீங்கள் ஒரு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தீர்கள். "மாமா, கை தரட்டா?" என்று கத்தினேன். அப்படிக் கத்துகிற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது? நீங்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள். அப்படி நீங்கள் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் மூன்றாவது தங்கியது. டாக்டரம்மா பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பிரஷர் பார்த்தார். நீங்கள்தான் என்னைக் கூட்டிப் போனீர்கள், ஒரு தடவைகூட மகனை அனுப்பவில்லை. ஆறு மாதம் தாண்டியது. ஏழு தாண்டியது. ஏழு தாண்டிய அன்று சாமி அறையில் நீங்கள் தனியாக நின்றிருந்ததைப் பார்த்தேன்.

எட்டாம் மாதக் கடைசியில் பிரஷர் கொஞ்சம் ஏறியது. பழைய பயம் முழுவதும் ஒரே நாளில் திரும்பி வந்தது. கால் வீங்கியிருக்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை அமுக்கி அமுக்கிப் பார்ப்பேன். டாக்டரம்மா தென்காசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, இடது பக்கம் ஒருக்களித்தே படுக்கச் சொன்னார். பிரஷருக்கு மாத்திரை கொடுத்தார். இடுப்பெலும்பு முன்பே குறுகிவிட்டதால் ஆபரேஷன்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். மூன்று வாரம். நீங்கள் காலையில் கடையைத் திறக்கும் முன் ஒரு தடவை, பூட்டிய பிறகு ஒரு தடவை வாசலில் வந்து நின்று, "பிள்ள அசையுதா தாயி?" என்று கேட்பீர்கள். "அசையுது மாமா" என்பேன். அந்த இரண்டு வார்த்தைக்காகவே நான் நாள் முழுக்கக் காத்திருந்தேன்.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை காலையில் பெண் பிறந்தாள். ஆபரேஷன் அறைக்கு வெளியே நடந்ததை நர்ஸ் அம்மா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். டாக்டரம்மா கதவைத் திறந்து வெளியே வந்ததும் எல்லோரும் ஆணா பெண்ணா என்று கேட்க, நீங்கள் மட்டும், "நஞ்சு எப்படி இருக்கு, டாக்டரம்மா?" என்று கேட்டீர்களாம்.

டாக்டரம்மா சிரிக்கவில்லையாம். "முழுசா வந்துச்சு. நல்ல கனம், நல்ல நிறம். ஒரு கேடும் இல்லை" என்றாராம். அதற்கப்புறம்தான் நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்தீர்களாம். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லையாம்.

உங்கள் மகன், அத்தை பேரை வைக்க வேண்டும் என்றார். கோமதி. பெண்டாட்டி பேரை ஆயுளில் ஒரு தடவையும் வாய்விட்டுச் சொல்லாத நீங்கள், அதன் பிறகு ஆறு வருஷம் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். முற்றத்து வெயிலில் எண்ணெய் தேய்த்துக் காலை நீட்டிப் போட்ட பிள்ளையைப் பார்த்து, "கோமதி, வெயிலு நல்லாருக்கா கோமதி?" என்று நீங்கள் கேட்பீர்கள். அதைக் கேட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் நான் சும்மா நிற்பேன். நீங்கள் பேசியது பேத்தியிடம் மட்டும்தானா?

மூன்று வருஷத்தில் பையனும் பிறந்தான். அப்போது பிரஷர்கூட ஏறவில்லை. தகரத்தை நீங்கள் திரும்ப அடிக்கவே இல்லை. பின்சந்தில் பீடி சுற்றுகிற பெண்கள், இருட்டு அறைக்குள் காலை முதல் சாயங்காலம் வரை குனிந்து உட்கார்ந்திருக்கிறவர்கள், ஒன்றிரண்டு பேராக, தங்கள் இடுப்பு வலிக்கு யோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்தார்கள். அவர்களை உள்ளே விடலாமா என்று பயந்து பயந்து உங்களைக் கேட்டேன். "கேக்கவா செய்யணும்? கடைக் கதவு வழியாவே வரச் சொல்லு" என்றீர்கள். உங்கள் சட்டத்தை நீங்களே ரத்து செய்த நாள் அது.

இனி, நீங்கள் போனபிறகு நடந்த சேதி. இதைச் சொல்லத்தான் கை பரபரத்துக்கொண்டிருக்கிறது.

செல்லம் மதினியின் மகள் செண்பகத்தை நினைவிருக்கிறதல்லவா? உங்கள் மூத்த பேத்தி. போன வருஷம் அவளுக்கு முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் போய்விட்டது. அதே தலைவலி, அதே வீக்கம். போன ஐப்பசியில் மறுபடி உண்டானதும் மதினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போவதற்குள் அவளே உள்ளே வந்துவிட்டாள்.

"உலகா, இவள உங்கிட்ட விட்டுட்டுப் போறேன். நீ என்ன செய்யச் சொல்லுதியோ அதச் செய்யட்டும். அன்னைக்கு நான் பேசுன பேச்செல்லாம்..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை.

"அதெல்லாம் இப்ப எதுக்கு மதினி? சாப்பிட்டீயளா?" என்றேன். 

செண்பகத்தை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. நஞ்சே அந்த வைட்டமினை எடுத்துப் பக்குவப்படுத்துகிறது என்று இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று சொன்னார். பிரஷருக்கும் நஞ்சுக் கோளாறுக்கும் அந்தச் சத்துக் குறைவுக்கும் தொடர்பு உண்டா என்பது இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லையாம். "அன்னைக்கும் தெரியாதுன்னு சொன்னேன், இன்னைக்கும் முழுசா தெரியாதுன்னுதான் சொல்றேன். ஆனா மோளே, உன் மாமனார் அன்னைக்குத் தெரிஞ்சது வரைக்கும் செய்தார். அதுவே நிறையப் பேர் செய்யறதில்லை" என்றார். உங்களிடம் இதைச் சேர்த்துவிட்டேன்.

மாத்திரை, வெயில், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பிரஷர். செண்பகம் எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து கோமதிக்கு வாய்ப்பாடு கேட்பாள். மதினி தினமும் பத்தரை மணிக்கு வந்து, மகளுக்கு முதுகில் வெயில் படுகிறதா என்று பார்த்துப் புடவையை விலக்கிவிடுவாள். கோமதி பிறந்ததற்கு "பொம்பளப் பிள்ளையா?" என்று முகம் சுளித்த அதே மதினிதான், கோமதிக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருப்பாள்.

நேற்றுக் காலை செண்பகத்துக்குப் பிள்ளை பிறந்தது, மாமா! மாதம் நிறைந்து, தானாகவே வலி வந்து, நல்ல சுகப்பிரசவம். பையன். அழுத அழுகையில் ஆஸ்பத்திரித் தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. நீங்கள் பூட்டனாகிவிட்டீர்கள். உங்கள் மகன் கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்து, ரத வீதியில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் அல்வா வாங்கிக் கொடுத்தார். மதினி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "அப்பா இல்லையேட்டி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் நாங்களே நர்ஸிடம் கேட்டுவிட்டோம். முழுசாக வந்ததாம், மாமா. ஒரு கேடும் இல்லையாம்.

வருகிற வெள்ளிக்கிழமை நான் அச்சன்புதூருக்குப் போகிறேன். அங்கே மாதர் சங்கத்தில் கர்ப்பிணிப் பெண்களைக் கூட்டி வைத்து டாக்டரம்மா பேசப்போகிறார். என்னையும் பேசச் சொல்லியிருக்கிறார். நான் பிறந்த ஊர். அங்கேயும் இப்போது வயலை விட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். நாலு பேர் முன்னால் நின்று நான் பேசியதே இல்லை.  ஆனாலும் பேசுவேன். எலும்பு வலி எப்படித் தொடங்கும், கால் வீங்கினால், தலை வலித்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் எங்கே போக வேண்டும் என்று சொல்லுவேன். வெயிலும் மாத்திரையும் போதும் என்று சொல்ல மாட்டேன். டாக்டரை விடாதீர்கள் என்று சொல்லுவேன்.

புருஷன்மாரையும் மாமனார்மாரையும் கட்டாயம் கூட்டி வரும்படி சொல்லி அனுப்பியிருக்கிறேன், மாமா. பின்னால் சுவரோரமாக நிற்கட்டும். அவர்களைப் பார்த்துத்தான் நான் முதலில் பேசப்போகிறேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

என்றும் உங்கள் மருமகள்,
செல்லம் மதினிக்குத் தம்பி பெண்டாட்டி,
கோமதிக்கு அம்மா,
உலகம்மாள்